கிணற்றடியில் நாற்பத்தெட்டு நாள்

அக்கா,

எல்லாவற்றையும் நான் முன்பே சொன்னவன். சமையல்கட்டின் மேற்குச் சுவர் ஆனி மாதம் தாண்டாது என்றேன், தாண்டவில்லை. புத்தூர் சம்பந்தியம்மாள் சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து நிற்பாள் என்றேன், வந்து நின்றாள். சரோஜாவுக்குப் பெண் குழந்தைதான் என்றேன், அதுவும் ஆயிற்று. நீ இருந்தால் "எப்படா சொன்ன?" என்று கேட்டிருப்பாய். இப்போது கேட்க நீ இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

காலையில் ஸ்டேஷன் ரோடு பக்கம் போனேன். ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் மூன்று நாள்தான். காவடிக்காரர்களுக்காகப் புதிதாய் ஒரு காப்பிக்கடை போட்டு, தகர டின்னில் மரத்தூளை அடைத்து அடுப்பு மூட்டியிருந்தான் ஒருவன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கால் நிற்கவில்லை. காப்பி குடிக்காமலே திரும்பிவிட்டேன். வந்து உட்கார்ந்தேன், எழுந்தேன், கிணற்றடிக்குப் போனேன், மறுபடி வந்து உட்கார்ந்தேன். இந்தக் காகிதத்துக்கு முன்னால் இது நாலாவது தரம்.

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம். உன் வீட்டுக்காரர் பாவா ராணுவக் கிடங்கு வேலை என்று பம்பாய்ப் பக்கம் போயிருந்தார். வீட்டில் ஆம்பிளை என்று நான் ஒருவன். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி உன் மகள் சரோஜாவை நீ பிரசவத்துக்கு அழைத்து வந்து ஒன்பது நாள்கூட ஆகவில்லை. ஒரு மாலை மழை அடித்தது. மேற்குச் சுவர் அப்படியே உட்கார்ந்தது. ஓடு, அடுப்பு, ஊறுகாய் ஜாடி எல்லாம் மண்ணுக்குள். பருப்புச் சட்டியை மட்டும் நான் உள்ளே பாய்ந்து காப்பாற்றினேன். (சட்டி முன்பே வெளியில்தான் இருந்தது என்று நீ எல்லாரிடமும் சொல்லி என் மானத்தை வாங்கினாய்.)

நீ சுவருக்காக அழவில்லை. சரோஜாவின் முகத்தைப் பார்த்துத்தான் அழுதாய். முதல் பிள்ளை புத்தூர் மாமியார் வீட்டிலேயே ஆறாம் மாதத்தில் கலைந்துபோய்விட்டது. அங்கே அவர்கள் ஒன்றும் கொடுமைக்காரர்கள் இல்லை. பெரிய குடும்பம், எல்லாருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிற மருமகள், வாய் திறந்து கேட்காத பெண். "சோறு இருந்தா போதாதுடா, சாப்புடு சாப்புடுன்னு சொல்றதுக்கு ஒரு வாய் வேணும்" என்று நீ அப்போது சொன்னாய். இந்தத் தடவை பெண்ணை உன் கையால் ஆக்கிப்போட்டுத் தேற்ற வேண்டும் என்று அழைத்து வந்தாய். வந்த இடத்தில் அடுப்பே இல்லை. சம்பந்தியம்மாள் காதுக்குப் போனால் கையோடு அழைத்துப் போய்விடுவாள் என்று உனக்குப் பயம்.

மறுநாளே கிணற்றடியில் மூன்று கல் வைத்தாய். பச்சை விறகு. புகை எழுந்ததும் சரோஜா குடம் குடமாய் வாந்தி எடுத்தாள். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. அரக்கோணத்தில் ஒரு பட்டாளத்து ஆபீசர் எனக்கு நேரில் காட்டிக்கொடுத்த வித்தை அது. தகர டின் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளைக் குத்திக் குத்தி இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டால் நடுவில் குழாய் மாதிரி ஓட்டை. கீழே ஒரு குச்சியைச் செருகிப் பற்றவைத்தால் அரை நாள் நின்று எரியும், புகையே இருக்காது. முதல் நாள் மட்டும் புகைந்தது. மரத்தூள் ஈரம். நீ என்னைப் பார்த்த பார்வையில் அது காய்ந்திருக்க வேண்டும்.

அப்புறம் பார்க்க வேண்டுமே, நாம் சாப்பிட்ட சாப்பாட்டை! ரேஷன் அரிசியில் பாதி கல். அதையும் நீ மூன்று தண்ணீர் களைந்து மல்லிகை மாதிரி வடித்தாய். ஒரே அடுப்புதான். கீழே பருப்பு வேகும், அதன் வாய்மேல் பித்தளைத் தட்டில் முருங்கைக்கீரை தானாக வதங்கும், பக்கத்துத் தணலில் கத்தரிக்காய் தோல் வெடிக்கும். அதைப் பிசைந்து, பச்சைப்புளி கரைத்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போட்டால் சரோஜா தட்டை வழித்துச் சாப்பிடுவாள். கேழ்வரகு அடை. சாம்பலில் புதைத்த சர்க்கரைவள்ளி. உன் தாளிப்பு வாசனை மலைமேல் முந்நூற்று அறுபத்தைந்து படியும் ஏறிப் போய், காவடி எடுத்தவர்கள் பாதிப் படியில் நின்று நம் வீட்டைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கண்ணால் பார்த்தேன்.

ஆடி பிறந்து ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ, சம்பந்தியம்மாள் காலை வண்டியில் வந்து இறங்கினாள். கூடத்தைத் தாண்டி நேராகப் பின்கட்டுக்கு வந்தாள். இடிந்த சுவரைப் பார்த்தாள், கிணற்றடியில் தகர டின் முன்னால் குந்தியிருந்த உன்னைப் பார்த்தாள், துவைகல்மேல் உட்கார்ந்திருந்த மருமகளைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி இது? மாசமா இருக்கற பொண்ண வச்சிகினு வெட்டவெளியில ஆக்கிகினு கீறீங்க?"

நீ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாய். நான்தான் முந்திக்கொண்டேன்.

"வேண்டுதல்ங்க."

"இன்னா வேண்டுதல்?"

"மலைமேல இருக்கறவருக்கு. ஒரு மண்டலம் கூரைக்குக் கீழ அடுப்பு மூட்டறதில்ல. பழைய சமையல்கட்ட நாங்களேதான் இடிச்சோம். புதுசு கட்டி, பொறக்கற கொழந்தைக்குத்தான் அங்க முதல் பால் காய்ச்சணும்."

இது எங்கிருந்து வந்தது என்று எனக்கே தெரியாது. நாலாம் பாரம் வரை படித்தவன் இல்லையா, வாயில் வந்துவிட்டது. (மூன்றாம் பாரம் என்பாய்.) சம்பந்தியம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். மலைப் பக்கம் திரும்பிக் கும்பிட்டாள். பிறகு கிணற்றடியிலேயே காலைக் கழுவிக்கொண்டு, தென்னை நிழலில் சாப்பிட உட்கார்ந்தாள். நீ அவசரமாகப் புளிச்சக்கீரை கடைந்து போட்டாய். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். மருமகள் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சரோஜாவும் அன்றைக்கென்று மூன்றாவது அடைக்குக் கை நீட்டினாள்.

சாயங்கால வண்டிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். திரும்பி வந்தபோது நீ வாசற்படியிலேயே நின்றிருந்தாய். காலையிலிருந்து ஒரு பருக்கைகூட உன் வயிற்றில் இல்லை. "இன்னாடா சொன்னாங்க?" என்றாய். வண்டி ஏறும்போது சம்பந்தியம்மாள் சொன்னதை உனக்குச் சொன்னேன்.

"என் ஊட்டுல கூட இந்தப் பொண்ணு இப்பிடி சாப்புட்டு நான் பாத்ததில்ல. பெத்தவ கையிலயே இருக்கட்டும், அண்ணய்யா."

இரண்டு தடவை சொல்லச் சொன்னாய். சொன்னேன். அப்புறம்தான் நீ போய்ச் சோறு போட்டுக்கொண்டாய். சாப்பிட்டுக் கை கழுவியதும் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"ஏண்டா, சாமி பேர்ல பொய் சொன்னியே, வாய் கூசல?"

"ஒரு நல்லதுக்குத்தான, அக்கா."

"சொன்னது சொன்னதுதான். நாப்பத்தெட்டு நாளும் வெளியிலதான் அடுப்பு. நீதான் மரத்தூள் அடிக்கணும்."

கொத்தனார் வந்து பத்தே நாளில் சுவரை எழுப்பி, புது ஓடு போட்டு, இரட்டை அடுப்பும் கட்டிவிட்டுப் போனார். சுண்ணாம்பு மணக்கும் அந்தச் சமையல்கட்டில் நீ கால் வைக்கவில்லை. மழை தூறினால் நான் தாழங்குடையைப் பிடித்துக்கொண்டு ரசத்துக்குக் காவல் நிற்பேன். தெருவில் சிரித்தார்கள். உள்ளே போய் ஆக்கிவிட்டு வெளியில் வந்து பரிமாறு, சாமி கோபித்துக்கொள்ளாது என்று நானே மூன்று தரம் வழி சொன்னேன். "ஒனக்கும் அவருக்கும் ரொம்பப் பழக்கமோ?" என்றாய்.

ஆவணி பிறந்ததிலிருந்து நான் தினம் இரண்டு வேளை ஸ்டேஷனுக்குப் போய்வந்தேன். புத்தூர்ப் பக்கத்து வண்டி கூவினால் சாப்பிடுகிற கையோடு எழுந்துவிடுவேன். "ரயிலுக்குக் கொடி காட்டற வேல கெடச்சிச்சா?" என்று கேலி செய்தாய். ஸ்டேஷன் மாஸ்டர் என்னிடம் யோசனை கேட்கிறார் என்று சொல்லி வைத்தேன்.

புரட்டாசியில் குழந்தை பிறந்தது. நல்ல கனம், நல்ல குரல். புது அடுப்பில் முதன்முதலாகப் பாலைக் காய்ச்சினாய். பேர் வைக்கிற அன்று புத்தூரிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பந்தி நடக்கும்போது, அத்தனை பேருக்கு முன்னால் நீ சம்பந்தியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாய். "பெத்தவ கையிலயே இருக்கட்டும்னு அன்னிக்கு ஸ்டேஷன்ல சொன்னீங்களே, அந்த ஒரு வார்த்தையிலதான் நான் மூச்சு விட்டேன்" என்றாய். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். வெற்றிலையை மென்றுகொண்டே வெகு நேரம் பார்த்தாள். பிறகு உன் பக்கம் திரும்பி, "ஆங், சொன்னேன்" என்றாள்.

அந்த வார்த்தையை நீ கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாய். போன தை மாதம், கண் திறக்க முடியாமல் படுத்திருந்தபோதும், பார்க்க வந்தவர்களிடம் சம்பந்தி எவ்வளவு பெரிய மனசுக்காரி என்று சொன்னாய். நான் பக்கத்தில் நின்றேன். சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது. வெளியே போய்த் தெருவில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துவிட்டு வந்தேன்.

இந்த மடலில் நான் ஏற்றிச் சொன்னதில் பலதை நீ சிரித்துக்கொண்டே கழித்துவிடுவாய். ஆபீசரைக் கழிப்பாய், மலைப்படியைக் கழிப்பாய். ஒன்றை மட்டும் நீ ஒருநாளும் சந்தேகப்படவில்லை. பிளாட்பாரத்தில் சம்பந்தியம்மாள் அப்படி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, அக்கா. அவள் சொன்னது இதுதான். "எட்டாவது மாசத்துல அழைச்சிகினு போவக்கூடாது. ஒம்போது பொறந்ததும் பையன அனுப்பறேன். பொண்ண அனுப்பிடுங்க." நான் தலையாட்டினேன். மாப்பிள்ளை வந்தால் வழியிலேயே நிறுத்திக் காலில் விழலாம் என்றுதான் வண்டி வண்டியாகக் காத்து நின்றேன். அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அவளிடம் கேட்க எனக்கு இன்றுவரை தைரியம் வரவில்லை.

நீ கேட்டுச் சாப்பிட உட்கார்ந்த அந்த வார்த்தை, ஸ்டேஷனிலிருந்து வீடு வரும் வழியில் நான் கட்டினது.