எஸ்தர் டீச்சர் மனம் மாறவில்லை

முந்தானையில் சாக்பீஸ் தூளோடு வீட்டுக்குள் நுழையும் என் எஸ்தர் அக்காவுக்கு,

நீ போய் ஒரு வருடம் முடிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை சபையில் உனக்கு நினைவு ஆராதனை வைத்தார்கள். அங்கே நடந்ததை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். அண்ணன் சொன்னால் பாதிக்கு மேல் பொய் இருக்கும்.

முதலில் அவர்கள் உன் மேல் கட்டிவிட்ட கதையைக் கேள். உன்னை அடக்கம் பண்ணின அன்றைக்கே பாஸ்டர் ஆரம்பித்துவிட்டார். "நம்ம எஸ்தர் சிஸ்டர் இருபது வருஷமா பிள்ளைங்களுக்குப் பரிணாமம்னு பாடம் நடத்தினாங்க. மனுஷனும் குரங்கும் ஒரே வம்சம்னு சொன்னாங்க. ஆனா கடைசில ஆஸ்பத்திரி கட்டில்ல, அதெல்லாம் பொய்னு ஒத்துக்கிட்டுத்தான் கர்த்தர்கிட்ட போனாங்க" என்றார். கூட்டம் அல்லேலூயா சொன்னது. அண்ணன் சாமுவேல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் ஆஸ்பத்திரிக்கு வந்ததே இரண்டு முறை. இரண்டு முறையும் போனில் பேசிக்கொண்டு வராந்தாவிலேயே நின்றான்.

கடைசி ஒன்பது நாளும் உன் பக்கத்தில் இருந்தது நான் ஒருத்திதான். பாஸ்டருக்கும் அது தெரியும். அதனால்தான் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "நீங்கதானம்மா கூட இருந்தீங்க, சரிதான?" என்று கேட்டார்.

நான் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன் அக்கா. பெட்டி இன்னும் மூடாமல் இருந்தது. அழுது ஓய்ந்திருந்தேன், சீக்கிரம் முடிந்தால் போதும் என்று இருந்தது. என்ன சாக்குச் சொன்னாலும் ஆட்டினது ஆட்டினதுதான்.

அந்த ஒரு தலையாட்டலை வைத்து வருடம் முழுக்க ஓட்டினார்கள். சபையின் வாட்ஸ்அப் குழுவில் உன் படத்தைப் போட்டு, கீழே 'விஞ்ஞானம் தோற்றது' என்று எழுதினார்கள். அது உன் பள்ளிக்கூடத்துக்கும் போனது. பள்ளிக்கூடத்தை நடத்துகிற கரஸ்பாண்டென்ட் ஐயாவுக்கு ஒரே குஷி. உன் இடத்துக்கு வந்த புது டீச்சர் அந்தப் பாடத்தை ஒரே பீரியடில் படித்துக் காட்டிவிட்டு, "மார்க்குக்கு எழுதுங்க, மனசுல வெச்சுக்காதீங்க. எஸ்தர் டீச்சரே கடைசில மாத்திக்கிட்டாங்க" என்றாளாம். என் மகள் ஜெனிபர் அந்த வகுப்பில்தான் படிக்கிறாள். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள்: "பெரிம்மா நெஜமாவே அப்டி சொன்னாங்களாம்மா?"

நான் தட்டை எடுத்து வைத்துச் சோறு போட்டேன். அவள் சாப்பிடவில்லை.

மார்க்குக்கு எழுது, மனதில் வைத்துக்கொள்ளாதே. இதைச் சொல்லிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடம், அதற்கு ஒரு பிரேயர் மணி. இந்தக் கூட்டத்தின் மேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை அக்கா, இளப்பம்தான் வருகிறது. பத்தாம் வகுப்புப் பாடம் ஒன்றுக்குப் பயந்து நடுங்குகிற அளவுக்கா அவர்களுடைய கடவுள் சின்னவர்?

சபைக்கு வெளியே இருக்கிறவர்கள் லட்சணமும் நீ இருக்கும்போதே எனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியாருக்கு எல்லாமே தசாவதாரத்திலேயே இருக்கிறது. மீன், ஆமை, பன்றி வரைக்கும் சம்மதம், குரங்கு என்றால் மட்டும் முகம் சுளிப்பார். எதிர்வீட்டுக்காரர் பகுத்தறிவு பேசுகிறவர். உன்னைப் பார்க்கும்போதெல்லாம், "பரிணாமமும் நடத்துற, சர்ச்சுக்கும் போற, இன்னா டீச்சர் இது" என்று இளிப்பார். அவரே தன் பெண்ணுக்கு வந்த ஏழு ஜாதகத்தைப் பொருத்தம் இல்லை என்று திருப்பி அனுப்பியவர். இரண்டு பேருக்கும் நீ ஒரே பதில்தான் வைத்திருந்தாய். "எனக்கு ரெண்டும் வேணும் சார். அதுல உங்களுக்கு இன்னா பேஜாரு?" அவ்வளவு பொறுமை உனக்கு எங்கிருந்து வந்தது?

தோல் துண்டு விஷயம் ஞாபகம் இருக்கிறதா? ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற மேஜையில் நான் வேலை செய்கிறேன் என்பதால் என்னிடம் கழிவுத் துண்டு கேட்டாய். ஆட்டுத் தோலில் ஒன்று, மாட்டுத் தோலில் ஒன்று, சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கி வந்தேன். பிள்ளைகள் கையில் லென்ஸைக் கொடுத்து, முடி இருந்த துளைகளைப் பார்க்கச் சொன்னாய். பிறகு அதே லென்ஸில் அவரவர் புறங்கையைப் பார்க்கச் சொன்னாய். அவ்வளவுதான் நீ செய்தது.

மறுநாளே ஒரு அப்பா வந்து, "எம்புள்ளைய மாட்டோட சேக்கிறியா" என்று கத்தினார். அவர் ஆம்பூரில் பெரிய தோல் புரோக்கர். தடவிப் பார்த்தே இது எந்தப் பக்கத்து ஆடு என்று சொல்லிவிடுவார். தடவுகிற தன் கையை மட்டும் அந்த மனுஷன் ஒருநாளும் திருப்பிப் பார்த்ததில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். இரண்டு நாள் முன்னால் பாஸ்டர் போன் பண்ணினார். "நீங்கதான் சிஸ்டர் கண்ணால பாத்தவங்க. அஞ்சு நிமிஷம் சாட்சி சொல்லுங்க." சரி என்றேன். ஜெனிபரை முன் வரிசையில் உட்கார வைத்தேன்.

மைக்கை வாங்கி, "எங்க அக்கா அப்டி எதுவும் சொல்லல. அன்னிக்கு நான் தலையாட்டினது பொய்" என்றேன். அடுத்த வார்த்தைக்குள் மைக் செத்துவிட்டது. கீபோர்டில் பாட்டு ஆரம்பித்தது. நீண்டுகொண்டே போகிற ஆராதனையை நிறுத்த அவர்களுக்குத் தெரியாது, ஒரு சாட்சியை நடுவில் நிறுத்த நன்றாகத் தெரியும்.

ஆனால் பதினெட்டு வருடம் தையல் மெஷின் வரிசைக்குப் பக்கத்தில் நின்று பேசின தொண்டை என்னுடையது. பாட்டுக்கு மேல் சொன்னேன். "கடைசி நாள் மத்தியானம் எங்க அக்கா என்னை ஜெபம் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன். ஆமென் சொன்னாங்க. அப்புறம் கண்ணத் தொறந்து, 'அந்தப் பாடத்த நடத்திட்டாங்களாடி, நடத்தாம வுட்ருவாங்க, நான் வந்து நடத்துறேன்னு சொல்லு'ன்னாங்க. அவ்ளோதான். வேற ஒண்ணும் சொல்லல."

ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை. வாசலில் அண்ணன் மறித்தான். "இன்னாமா, சபைல வெச்சு மானத்த வாங்கிட்ட." "வராந்தாவுல நின்னியே, அங்கேர்ந்து உனக்கு இன்னா கேட்டுச்சு?" என்றேன். செருப்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான்.

அன்று சாயங்காலமே என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார்கள். காலையில் நாற்பது குட்மார்னிங் வராமல் நிம்மதியாக இருக்கிறது. நீ இருந்திருந்தால் பாஸ்டரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லியிருப்பாயோ? கேட்க மாட்டேன் அக்கா. உன்னிடம்தான் கேட்க வேண்டும். அந்தத் தலையாட்டலுக்கு என்னை மன்னித்துவிடு.

திங்கட்கிழமை ஜெனிபரை வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தார்கள். "எங்கம்மா கூட இருந்தாங்க மிஸ், பெரிம்மா மாத்திக்கல" என்று எழுந்து சொன்னாளாம். ஒரு பீரியட் முழுக்க நின்றிருக்கிறாள். வீட்டுக்கு வந்து அழவில்லை. இரண்டு தட்டு சோறு சாப்பிட்டாள். பிறகு உன் டிரங்குப் பெட்டியைத் திறந்து அந்த லென்ஸை எடுத்துக்கொண்டாள்.

வருகிற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். கைப்பையில் ஆட்டுத் தோல் துண்டு ஒன்றும் மாட்டுத் தோல் துண்டு ஒன்றும் எடுத்து வைத்துவிட்டேன். நீ வந்து நடத்துவதாகச் சொன்ன பாடத்தை எப்போது ஒழுங்காக நடத்தப் போகிறீர்கள் என்று கரஸ்பாண்டென்ட் ஐயாவை எழுந்து நின்று கேட்பேன். பதில் வரும் வரை உட்கார மாட்டேன், அடுத்த கூட்டத்திலும் கேட்பேன். மைக் தர மாட்டார்கள். நானும் மைக்கைக் கேட்கப் போவதில்லை, என் தொண்டை போதும்.

கடைசி மத்தியானம் உன் கட்டில் பக்கத்தில் இருந்த தங்கை,
ரூத்