கல்லுன்னு சொன்னா போதும்

ஜூன் 4, புதன்

காலையிலேயே புழுக்கம். அம்மாவும் நானும் மதுரைக்கு. ஒருவழியாக நோய்க்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஆல்போர்ட். கிட்னியையும் காதையும் சேர்த்துக் கெடுக்கும் பரம்பரை நோய். ரொம்ப அபூர்வம் என்றார் டாக்டர், எனக்கு ஏதோ பரிசு விழுந்த மாதிரி.

"அப்பா அம்மா சொந்தமா?"

"தாய்மாமன் மகனைத்தான் சார் கட்டியிருக்கேன்." அம்மாவுக்கு அதில் பெருமை வேறு. டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். தங்கை நித்யாவுக்கும் ஒரு யூரின் டெஸ்ட் எடுத்துப் பார்த்துவிடுங்கள் என்றார்.

கூடாதவை: உப்பு, ஊறுகாய், வாழைப்பழம், வாழைத்தண்டு, இளநீர். பொட்டாசியம் ஏறினால் இதயமே நின்றுபோகும். அப்படியே சொன்னார், பூசி மெழுகாமல்.

திரும்பும் பஸ் சின்னாளப்பட்டி தாண்டியது. அம்மா சொன்னாள்: "ஞாயித்துக்கெழம நித்யாவப் பொண்ணு பாக்க ஒட்டன்சத்திரத்துல இருந்து வாராக. யாரும் கேட்டா கிட்னியில கல்லுன்னு சொல்லிரு."

ஜூன் 5, வியாழன்

மில் ஆபீஸ். பில் போடுகிற இடத்தில் ஃபேன் ஓடவில்லை. எனக்கு முன்னால் கல் போய்ச் சேர்ந்திருக்கிறது. மேனேஜர்: "வாழத்தண்டு குடிங்கம்மா, தன்னால விழுந்துரும்." சாயங்காலம் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் ஒரு முழத் தண்டோடு வாசலில். "எங்க வீட்டுக்காரருக்கு இதுலதான் சரியாச்சு." இந்த ஊரில் கிட்னி என்றால் கல்தான். வேறு எதுவும் வர உரிமை இல்லை.

நித்யாவிடம் டெஸ்ட் எடுத்துக்கொள் என்றேன். அவள் முகத்தில் கடலைமாவு காய்ந்துகொண்டிருந்தது. "கல்யாணம் முடியட்டுமேக்கா. இப்பப் போயி எதுக்கு?"

அப்பா பேப்பர் படித்தார். அதே பக்கத்தை.

ஜூன் 8, ஞாயிறு

வந்து போய்விட்டார்கள். கேசரி மீதி இருக்கிறது.

காது மிஷின் தெரியாதபடி அம்மா எனக்குத் தளரப் பின்னிவிட்டாள். மூத்தவளுக்கு ஏன் இன்னும் ஆகவில்லை என்ற கேள்வி வந்தது. கல்லு, ஆபரேஷன் முடிஞ்சதும் பாக்கலாம்னு இருக்கோம் என்றாள் அம்மா, கண்ணை இமைக்காமல்.

மாப்பிள்ளையின் அம்மா நல்லவர். அதுதான் வினை. "ஏங்கண்ணு, முன்னாடியே சொல்லக்கூடாதுங்களா? நம்ம தோப்பு எளனி கார்லயே கெடக்குதுங்க." இறக்கி, சீவி, டம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தார்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார். கல்லுக்கு இளநீர் ஆகாது என்று யாரும் சொல்ல முடியாது. அம்மா என்னைப் பார்க்கவில்லை, காலண்டர் முருகனைப் பார்த்தாள். நித்யா என் பக்கம் குனிந்து, "ஒரு டம்ளர்தானக்கா."

குடித்தேன். "இன்னொண்ணு குடிங்க கண்ணு, கரைஞ்சு போயிருமுங்க." அதையும் குடித்தேன். நித்யாவுக்குப் பூ வைத்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு அந்த அம்மாள் மேல் கோபமே இல்லை. என் வீட்டு ஆட்கள் மேல்தான்.

ஜூன் 10, செவ்வாய். ஆஸ்பத்திரி

மேகம் கூடிக் கூடிக் கலைகிறது. நேற்று காலை எழுந்திருக்கக் கால் வரவில்லை. நெஞ்சு கண்டபடி அடித்தது. ஆட்டோ, ஊசி, குளுக்கோஸ் பாட்டில், திரும்ப ஊசி. "யாரும்மா ஒனக்கு எளனி குடுத்தது?" டூட்டி டாக்டர் கத்தினார்.

அம்மா பக்கத்துக் கட்டில்காரியிடம்: "நல்லவேள, அவுக போன பெறகு வந்துச்சு." மெதுவாகச் சொன்னதாக நினைப்பு. வேறு எது கேட்காவிட்டாலும் எனக்கு இது கேட்கிறது.

ராத்திரி நித்யா இருந்தாள். மானிட்டர் அலறியபோது நர்ஸைக் கூப்பிட அவள்தான் ஓடினாள். திரும்பி வந்தவள் உட்காரவே இல்லை.

ஜூன் 11, புதன்

இட்லி, உப்பில்லாத சட்னி. சட்னி என்று பெயர்.

நித்யா காலையில் கீழே லேபுக்குப் போய்விட்டு வந்தாள். "யூரின் குடுத்துட்டேன்" என்றாள். மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. பொய். எதிர்பார்த்தேன்.

மதியம் ரிசல்ட். அவளுக்கும் யூரினில் ரத்தம் போகிறது, புரதமும். மேல் டெஸ்ட் எழுதியிருக்கிறார்கள். ஆனால் டாக்டர் முகத்தில் சந்தேகம் இல்லை.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். துணைக்கு ஒரு ஆள் கிடைத்த சந்தோஷம். கொஞ்ச நேரம்தான். அதற்குப் பிறகுதான் அவள் ரிசல்ட் தாளை மடித்து மடித்துப் பிரிப்பதே கண்ணில் பட்டது. என்ன பிறவி நான்.

அப்போதுதான் வீட்டிலிருந்து அம்மா போன். நித்யா ஸ்பீக்கரில் போட்டாள்.

"நாள் குறிக்க நாளைக்கு வாராகளாம்டி. கல்லு விழுந்துருச்சான்னு வேற கேக்குறாக. என்னத்தச் சொல்ல?"

நித்யா என்னைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கல்லே இல்லன்னு சொல்லும்மா. அக்காவுக்கு இருக்கறது எனக்கும் இருக்குன்னு சொல்லு. அதுக்கு மேலயும் அவுக வாரதுன்னா வரட்டும்."

அம்மா போனை வைக்கவில்லை. இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.