மாசி மகத்துக்குப் போட்ட கையெழுத்து

கிளிஞ்சல்மேடு,
பங்குனி 20

என் வீட்டுக்காரர் நாகராஜுக்கு வினோதினி எழுதுறது. நானும் பாப்பாவும் மாமாவும் நல்லா இருக்கோம். நீங்க நேரத்துக்குச் சாப்பிடுறீங்களா? கேட்டா நல்லாத்தான் இருக்கேன்னு சொல்வீங்க. அதையெல்லாம் இப்ப நான் நம்புறதில்ல.

தினம் போன்ல பேசுறோமே, லெட்டர் எதுக்குன்னு யோசிப்பீங்க. உங்க ரூம்ல கூடவே இருக்கிறது மில் மேனேஜர் தெட்சிணாமூர்த்தியோட மச்சான். நான் ஹலோன்னு சொன்னதும் அங்க டிவி சத்தம் நின்னு போகுது. அதனாலதான் துபாய்க்குத் திரும்புற அஜ்மீர் பாய் கையில இதைக் கொடுத்து விடுறேன். படிச்சதும் கிழிச்சுப் போட்டுடுங்க.

போன வாரம் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிங்க நீங்க வேலை பார்த்த பேப்பர் மில்லுக்கு வந்தாங்க. பாய்லர்ல எரிக்கிற கறுப்பு எண்ணெய் தொட்டியிலேர்ந்து கசிஞ்சு வாய்க்கால் வரைக்கும் ஓடியிருக்கு. மில்காரங்க எண்ணெய் ஊறின மண்ணை அள்ளிப் பீப்பாய்ல அடைச்சு, காம்பவுண்டு ஓரமாப் புதைச்சு வச்சிருக்காங்க. பீப்பாய் ஓட்டை போலிருக்கு, எண்ணெய் ஊறி ஊறிக் கடலுக்கே வந்துடுச்சு. மாமா ரெண்டு நாளா வலையைத் தேய்க்கிறார், கறை போகல. ஏலத்துல நம்ம மீனை மோந்து பார்த்துட்டு ஒதுக்குறாங்க. வயித்தெரிச்சலா இருக்குங்க.

மில் ஆபீஸ்ல வேலை பாக்குற சுகிர்தாதான் மீதியைச் சொன்னா. எண்ணெய் ஓடினது மாசி மகத்தன்னைக்காம். தொட்டியைப் பார்த்தேன், கசிவு இல்லைன்னு அன்னைய தேதிக்கு ரிஜிஸ்டர்ல உங்க கையெழுத்து இருக்காம். நம்ம மேட்டுல எந்த ஆம்பிளை மகத்தன்னைக்கு வேலைக்குப் போவான்? சாமியைத் தோள்ல தூக்கிக்கிட்டு இடுப்பளவு தண்ணியில நின்னீங்களே! முதல் நாளே மகத்துக்கும் சேர்த்துக் கையெழுத்தைப் போட்டுட்டு வந்துட்டீங்க, அப்படித்தானே? வருஷா வருஷம் இதைத்தான் பண்ணியிருப்பீங்க. அட, அறிவுகெட்ட மனுஷா!

ஞாயித்துக்கிழமை தெட்சிணாமூர்த்தி ஆப்பிளும் ஸ்வீட்டுமா வீட்டுக்கே வந்தார். தங்கச்சின்னு வேற கூப்பிட்டார். நீங்க கம்பெனிக்குச் சொல்லாம உங்க இஷ்டத்துக்கு வெளிநாடு போயிட்டதா ஒரு பேப்பரை நீட்டி என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். மாமா கடலுக்குப் போயிருக்கார், அவர் வந்து பார்க்கணும்னு சொல்லிட்டேன். மாமா கொல்லையில உக்காந்து வலையைத் தேய்ச்சுக்கிட்டுதான் இருந்தார். திரும்ப புதன்கிழமை வர்றாராம். அதிகாரிங்களும் அன்னைக்குத்தான் வர்றாங்க.

ஓடிப்போனவர்னு காட்டிப் பழியை உங்க தலையில கட்டத்தான் அந்தப் பேப்பர். சொல்லாமப் போனீங்களா? உங்களுக்கு விசா எடுத்துக் கொடுத்ததே அந்த ஆளுதானே! பத்து வருஷத்துல ஒரு டீ வாங்கிக் கொடுக்காதவர், மகம் முடிஞ்ச பத்தாம் நாள் உங்களைத் திருச்சி ஏர்போர்ட் வரைக்கும் கார்ல கொண்டு வந்து விட்டார். அன்னைக்கு நீங்க என் முகத்தைப் பார்க்கவே இல்லை. பிரிஞ்சு போற வருத்தம்னு நினைச்சு நான் அழுதேன். இப்ப வேற மாதிரி தோணுது. அப்படித் தோணுறதுக்கே எனக்கு வெக்கமா இருக்கு.

மகத்தன்னைக்கு நீங்க சாமி தூக்குற போட்டோ எங்கிட்ட இருக்கு. அதிகாரிங்ககிட்ட காட்டினா நீங்க மில்லுல இல்லைன்னு தெரியும். கையெழுத்து பொய்னும் தெரிஞ்சு போகும். கேஸ் வரும், அங்க உங்க வேலைக்கும் ஆபத்து வரும். ஆனா பொய்க் கையெழுத்துக்கு மட்டும் நீங்க பதில் சொன்னாப் போதும், கடலைக் கெடுத்த பழி உங்க மேல வராது.

அஜ்மீர் பாய் போன்லேர்ந்து புதன்கிழமைக்குள்ள என்னைக் கூப்பிடுங்க. எண்ணெய் ஓடினது தெரிஞ்சுதான் போனீங்களான்னு கேட்பேன். தெரியாதுன்னு சொன்னீங்கன்னா போட்டோவோட நானே போய் நிக்கிறேன். தெரியும்னா அதையும் மறைக்காம சொல்லுங்க. அப்பவும் போய் நிப்பேன், உங்களை ஊருக்கு வரவழைச்சுக் கூட்டிக்கிட்டு.

அம்மன் உங்களைக் கைவிட மாட்டா. நானும் விடமாட்டேன். என்கிட்ட மட்டும் பொய் சொல்லிடாதீங்க.

உங்க
வினோதினி