கொடை முடியட்டும் என்றீர்களே

எனக்கு ஒரு தலைவலி என்றாலும் ராத்தூக்கம் கெட்டுப்போகிற என் அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். ஊருக்கே கடிதம் கொண்டுபோய்க் கொடுத்தவர் நீங்கள். உங்களுக்கு வருகிற கடிதத்தை ஊர் படித்தால் என்ன?

நீங்கள் காக்கிச் சட்டையோடு ஆயுசு முழுக்க ஏறி இறங்கிய நம்மூர்த் தபாலாபீசுக்கு இப்போது மவுசு வந்துவிட்டது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடமாம், பாரம்பரியச் சின்னமாம். ஓடு பிரிந்து மழைத்தண்ணீர் மேஜைமேல் சொட்டிய வருஷங்களில் எட்டிக்கூடப் பார்க்காத பெரிய மனிதர்கள் எல்லாரும் சேர்ந்து விழாக் கமிட்டி போட்டார்கள். தேக்கு ஜன்னலுக்குப் பளபளவென்று பெயின்ட் அடித்தார்கள். வாசலில் பிளாஸ்டிக்கில் ஆளுயரத்துக்கு ஒரு தபால்பெட்டி, பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள. போனில் படம் அனுப்பியிருந்தார்கள், பார்த்ததுமே போகக் கூடாது என்று நினைத்தேன்.

ஆனாலும் போனேன். "போஸ்ட்மேன் அண்ணாச்சி மவ நீங்க வராம எப்படிக்கா?" என்று கமிட்டித் தலைவர் மூன்று தடவை போன் பண்ணினார். உங்கள் படத்தைக் கேட்டார், கொடுத்தேன். ஐந்து நிமிஷம் பேசச் சொன்னார், சரி என்றேன். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறும்போது பட்டுச்சேலை வேறு கட்டிக்கொண்டேன். நினைத்தால் என் மேலேயே எனக்குக் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

இந்தத் தலைவர் யாரென்று தெரிகிறதா அப்பா? அந்தக் காலத்துக் கோயில் தர்மகர்த்தாவின் மகன்தான். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் பந்தல்கால் நாட்டுவதற்கு முந்தின நாள், ஆத்தூர் வெற்றிலைக் கவுளியைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு நம் வீட்டுக்கு வருவாரே, அவருடைய மகன். "அண்ணாச்சி, பாத்துக்கிடுங்க" என்பார் தர்மகர்த்தா. அவ்வளவுதான் பேச்சு. பந்தல்கால் நட்டதிலிருந்து கொடை முடிகிறவரை ஊருக்குள் இழவுச் செய்தி வரக் கூடாது. மூலையில் கறுப்பு மை தடவிய கார்டு எது வந்தாலும் உங்கள் மேஜை டிராயருக்குள் போய்விடும். கொடை முடிந்த மறுநாள் மொத்தமாக எடுத்துப் போவீர்கள். தெருவுக்குத் தெரு ஒரே நேரத்தில் ஒப்பாரி கிளம்பும். போஸ்ட்மாஸ்டரும் கண்டுகொண்டதில்லை.

விழா மேடையில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். "இந்தத் தபாலாபீஸ்ல ஒரு கடுதாசிகூட ஒரு ராத்திரி தங்கினது கிடையாது!" கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். முன்வரிசையில் வெள்ளை வேட்டிகள்தான் அதிகம். அவர்களில் பாதிப் பேருக்கு அந்த டிராயர் தெரியும். கொஞ்சமாவது கூச்சம் வேண்டாமா? சீ என்றாகிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. இந்த ஆபீசின் மூத்த வாடிக்கையாளர் என்று சொல்லிப் பாக்கியம் மதினியை மேடைக்கு ஏற்றினார்கள். பம்பாயில் லேத்துப் பட்டறையில் வேலை பார்த்த நம் துரையண்ணனின் மனைவி. முட்டுவலியோடு இரண்டு பேர் கைத்தாங்கலில் ஏறி வந்தாள். பொன்னாடை போர்த்தி, கையில் மைக்கைக் கொடுத்து, போட்டோகிராபர் பக்கம் திருப்பிவிட்டார்கள்.

மதினி சொன்னாள்: "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. போஸ்ட்மேன் மாமாதான் அவரு கடுதாசிய வாசிச்சுச் சொல்லுவாவ. ஒருத்தரு கடுதாசியையும் கையில வச்சுக்கிட மாட்டாவ. அவுக போன எடத்துலயும் நல்லாருக்கணும்."

அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். தலைசுற்றுகிறது என்று கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

எனக்குத் தெரியுமே அப்பா. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது மத்தியானச் சோற்றுத்தூக்கை உங்களுக்குக் கொண்டுவந்து தருவேன். அந்த வருஷம் கால் நாட்டிய மறுநாள், உங்கள் டிராயரில் ஓர் இன்லேண்ட் லெட்டரைப் பார்த்தேன். மூலையில் கறுப்பாக அப்பியிருந்தது. முகவரியில் மதினி பெயர். அனுப்பியவர் இடத்தில் பட்டறையின் பெயர் மட்டும்தான் இருந்தது. "துரையண்ணனுக்கு என்னப்பா?" என்று கேட்டேன். "சத்தம் போடாதளா. தொர போயிட்டான் போல. பாவம், அந்தப் பிள்ள பூவும் பொட்டுமா இந்தக் கொடையைப் பாத்துக்கிடட்டும். கொடை முடியட்டும்" என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. எவ்வளவு இரக்கமான அப்பா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

கொடை முடிந்த மறுநாள் அந்தக் கடிதத்தை மதினிக்கு வாசித்துச் சொல்லிவிட்டு வந்து நீங்கள் சோற்றைத் தொடவில்லை. அடுக்களையில் அம்மாவிடம் சொன்னதை நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். "அது கறுப்பு மையி இல்லளா. பட்டறை கிரீஸு. அவன் கையாலதான் எழுதியிருக்கான்."

துரையண்ணனுக்கு மஞ்சள் காமாலை. பட்டறை மூலையில் படுத்துக்கிடந்தபடி எழுதியிருந்தார். 'உன் தம்பியை உடனே அனுப்பு. என்னை ஊருக்குக் கூட்டி வரட்டும். உன் கையால் கஞ்சி குடித்தால் எழுந்துவிடுவேன்.' அன்று சாயங்காலமே தம்பி ரயில் ஏறினான். போய்ச் சேர்ந்தபோது துரையண்ணனை எரித்து இரண்டு நாள் ஆகியிருந்தது. மதினியிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மழையில ரயிலு லேட்டு தாயி, கடுதாசி பிந்திட்டு." அவளும் நம்பினாள். இத்தனை வருஷமாக மழையைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள்.

விழா முடிந்ததும் ஆபீசுக்குள் போய், சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த உங்கள் படத்தைக் கழற்றினேன். தலைவர் ஓடி வந்தார். ஏன் என்று சொன்னேன். டிராயரையும் சொன்னேன், அவர் அப்பா கொண்டுவந்த வெற்றிலையையும் சொன்னேன். அவர் முகம் கொஞ்சமும் மாறவில்லை. "அக்கா, நல்ல நாளும் அதுவுமா இத எதுக்கு இப்ப கெளப்புதீங்க? விருந்தாளிக சாப்பிட்டுட்டு இருக்காவ."

நல்ல நாளாம்! உங்களுக்கும் அதுதானே சாக்கு? இந்த ஊரில் நல்ல நாள் வந்தால் யாருடைய உயிரையும் டிராயரில் போட்டுப் பூட்டிவிடலாம். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பிரியாணி வாசம் வந்த பந்தலைத் தாண்டி, நேரே மதினி வீட்டுக்கு நடந்தேன்.

பொன்னாடையை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குத் தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். அழுவாள், என்னை அடிப்பாள் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை.

"எத்தன நாளு கெடந்துச்சு?" என்றாள்.

"ஏழு நாளு மதினி."

"அந்த ஏழு நாளும் மாமா இங்கன சைக்கிள நிறுத்தி, என் கையால மோர் வாங்கிக் குடிச்சாவளே. தெனமும் கேட்டேன்ளா, கடுதாசி உண்டா மாமான்னு. 'வரும் தாயி'ன்னு சொல்லிட்டுத்தான் செம்ப நீட்டுவாவ. எப்படி எறங்குச்சு அவுக தொண்டையில?"

எனக்குத் தெரியவில்லை அப்பா. எப்படி இறங்கியது?

மறுபடி கேட்டாள். "நான் தல நெறையப் பூ வச்சு முளைப்பாரி எடுத்துட்டுப் போவும்போது, அவரு அங்கன உசுரோடதான இருந்திருக்காரு?"

"ஆமா மதினி."

"வாசலயே பாத்துக்கிட்டுக் கெடந்திருப்பாரு, என் தம்பி வாரானான்னு." பொன்னாடையை எடுத்து என் மடியில் போட்டாள். "கொண்டு போயிரு. ஒங்க அப்பா நல்லவுகன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிராத."

சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டேன். உங்களை மன்னிக்கும்படி கேட்டு அந்த வாசலில் ஒருநாளும் போய் நிற்க மாட்டேன். உங்கள் பெயரை வைத்திருக்கிற என் மகன் தாத்தா எப்படிப்பட்டவர் என்று கேட்டால், இரக்கப்பட்டதைச் சொல்வேன், அந்த இரக்கம் துரையண்ணனை என்ன செய்தது என்பதையும் சொல்வேன். ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல மாட்டேன். இது சத்தியம். இவ்வளவுக்குப் பிறகும் உங்கள் மேல் எனக்குப் பாசம் ஒரு பொட்டுகூடக் குறையவில்லை அப்பா. எல்லாவற்றையும்விட அதுதான் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இன்னும் உங்கள் பெயரை முதலெழுத்தாகப் போட்டே கையெழுத்திடுகிற,
உங்கள் மூத்த மகள்.