அப்பா சட்டையில் நாற்பது பைகள்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் எழுந்து நடமாடிக்கொண்டு இருக்கிறேன், அதற்கு மேல் என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அங்கே நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு, தூங்க வேண்டிய நேரத்தில் தூங்கி, சௌகரியமாக இருக்கிறாய் என்றே நினைத்துக்கொள்கிறேன். வாரம் இரண்டு தடவை போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று உனக்குத் தோன்றும். போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நானும் சரி விடு என்று சொல்ல வந்ததை முழுங்கிவிடுவேன். இது முழுங்கக்கூடாத விஷயம், அதனால்தான் எழுதுகிறேன். லிஃப்ட் இன்னும் சரியாகவில்லை. மெக்கானிக் வருகிறான், கதவைத் திறந்து உள்ளே எட்டிப் பார்க்கிறான், துக்கம் விசாரிக்க வந்தவன் மாதிரி தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுகிறான். மூன்று மாடி ஏறி இறங்கியே என் முழங்கால் போய்விட்டது. குளியலறைக் குழாய் சொட்டுகிறது, கீழே வாளி வைத்திருக்கிறேன். உன் அப்பா இருந்திருந்தால் ஒரு வாஷரைப் போட்டு முடித்திருப்பார், முடித்துவிட்டு அதைப் பற்றி இரண்டு நாள் பெருமையும் பேசியிருப்பார்.

நேராகவே சொல்லிவிடுகிறேன் பாப்பா. நீ கேட்ட அப்பாவின் நீலக்கட்டம் போட்ட சட்டை பீரோவில் இல்லை. வெள்ளிக்கிழமை நீ மறுபடியும் கேட்டபோது, மடித்துக் கவரில் போட்டு வைத்திருக்கிறேன் என்று சொன்னேனே, அது பொய். அந்தச் சட்டையை வெட்டி நாலு பை தைத்துவிட்டேன், நாலும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் போகிற பெட்டிக்குள் போய்விட்டது. எப்படி நடந்தது என்று வரிசையாகச் சொல்கிறேன், நடுவில் கடிதத்தைக் கீழே போட்டுவிடாமல் படி.

பரிசுப்பெட்டி வேலைக்குப் போகிறேன் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு தெரு தள்ளி இருக்கிற கூடத்தில் நீள நீள மேஜைகள் போட்டு வேலை நடக்கிறது, ஆறு மின்விசிறி, அதில் இரண்டுதான் சுற்றும், அந்த இரண்டின் கீழே இடம் பிடிக்க எல்லோரும் சீக்கிரமே வந்துவிடுவார்கள். செருப்புக் கடைகளில் வாங்கிவந்த அட்டைப்பெட்டிக்கு வண்ணக் காகிதம் ஒட்டி, அதற்குள் பல் தேய்க்கிற பிரஷ், சோப்பு, சீப்பு, நோட்டு, பென்சில், ஒரு பந்து என்று அடுக்கி, எந்த வயதுப் பிள்ளைக்கு என்று மேலே ஒரு சீட்டு ஒட்ட வேண்டும். வெள்ளம், சண்டை என்று வீடு இல்லாமல் போன பிள்ளைகளுக்குக் கப்பலில் போகிறது. இந்த வேலையை நடத்துகிறவளுக்கு லிஸ்ட் அக்கா என்று பேர், என்னைவிட ஐந்து வயது சின்னவள்தான், கையில் லிஸ்ட் இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. அவளுடைய ஒரு கண்டிப்பு என்னவென்றால், ஒவ்வொரு பெட்டியிலும் எல்லாவற்றுக்கும் மேலே கையால் செய்த பொருள் ஒன்று இருந்தே ஆகவேண்டும். மூடியைத் திறந்ததும் பிள்ளை கண்ணில் முதலில் அதுதான் படவேண்டும், மற்றதெல்லாம் கடையில் கிடைப்பது, இதை யாரோ உட்கார்ந்து செய்திருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியட்டும் என்பாள். ஒருத்தி குல்லாய் பின்னுகிறாள், ஒருத்தி துணியில் பந்து செய்கிறாள். எனக்குச் சுருக்குப்பை, நாற்பது. சோப்பும் சீப்பும் போட்டு நாடாவை இழுத்துக் கட்டுகிற மாதிரி.

நாற்பது பைக்குத் துணிக்கு எங்கே போவது. அப்பாவின் சட்டைகள் பீரோவில் அப்படியே பத்து தொங்கிக்கொண்டிருந்தன, மில்லுக்குப் போட்டுப்போன சாம்பல் நிறச் சட்டைகள்தான் அதிகம், துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன துணி. பதினாலு மாதமாகப் பீரோவைத் திறந்தால் முகத்தில் இடிக்கிறது. பையாவது ஆகட்டும் என்று எடுத்தேன். ஒரு சட்டைக்கு முதுகில் இரண்டு பை, முன்பக்கங்களில் பக்கத்துக்கு ஒன்று, ஆக நாலு தேறும். கையும் காலரும் நாடாவுக்கு ஆகும். உட்கார்ந்து தையலைப் பிரிப்பதற்குள் மணிக்கட்டு வீங்கிவிட்டது, அதைக் கேட்காதே. போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது பேச்சோடு பேச்சாக இதை உன்னிடம் சொன்னேன். நீ பதறிப்போய், ஐயோ அம்மா அந்த நீலக்கட்டத்தை மட்டும் தொடாதே, என்னை விமானம் ஏற்றிவிட வந்தபோது அப்பா போட்டிருந்தது அது, எனக்கு வேண்டும் என்றாய். உன்னோடு வேலை பார்க்கிறவள் அடுத்த மாதம் லீவில் வருகிறாள், அவளிடம் கொடுத்தனுப்பு என்றாய். சரி என்று சொல்லி வைத்தேன்.

மற்ற ஒன்பது சட்டையில் முப்பத்தாறு பை ஆயிற்று. திங்கட்கிழமை மேஜை, கட்டில், நாற்காலி எல்லாம் துண்டுகள். பிரித்துப் போட்டபிறகு எது எந்தச் சட்டையின் முதுகு, எது எந்தச் சட்டையின் கை என்று தெரிவதில்லை, என் கண்ணும் முன்போல இல்லை, வியாழக்கிழமை கொடுத்தாக வேண்டும் என்று லிஸ்ட் அக்கா கழுத்தைப் பிடிக்கிறாள், அந்த மும்முரத்தில் நீலக்கட்டமும் கலந்து வெட்டுப்பட்டுவிட்டது. இப்படித்தான் சனிக்கிழமை கூடத்துக்குப் போய் லிஸ்ட் அக்காவிடம் சொன்னேன். என் பெண் ஆசையாகக் கேட்ட சட்டை, தவறுதலாகப் போய்விட்டது, தேடி எடுக்க வேண்டும் என்றேன்.

அன்றைக்குப் பார்த்து முந்நூறு பெட்டியும் டேப் ஒட்டி முடித்துச் சுவரோரமாக அடுக்கிவிட்டார்கள். டேப் ஒட்டுகிறவர் ஒரு பெரியவர், பள்ளிக்கூடத்தில் மணி அடித்து ஓய்வு பெற்றவர், காலையிலிருந்து குனிந்து குனிந்து ஒட்டிவிட்டு அப்போதுதான் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். ஒட்டிய பெட்டியைப் பிரிக்கக்கூடாது என்பது அங்கே சட்டம், பிரித்தால் உள்ளே இருப்பதை இரண்டு பேர் மறுபடி லிஸ்ட்டோடு ஒத்துப் பார்த்துத்தான் மூடவேண்டும். லிஸ்ட் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தாள், பெருமூச்சு விட்டாள், புருஷன் சட்டைங்கிறீங்க, எப்படி மாட்டேன்னு சொல்றது என்று பேனாவைக் காதில் செருகிக்கொண்டு வந்துவிட்டாள். பெரியவரும் கத்தியை எடுத்துக்கொண்டு எழுந்தார். அவர் அறுக்க, நான் மூடியைத் திறந்து பார்க்க, அவள் ஒத்துப்பார்க்க, அவர் மறுபடி ஒட்ட. குல்லாய், பந்து, குல்லாய், துணி பொம்மை. நடுநடுவே என் சாம்பல் நிறப் பைகள், யாரோ நாடாவைப் பூப்போலக் கட்டி வைத்திருந்தார்கள், அதைப் பார்த்தால் மில்லுக்குப் போய்வந்த சட்டை என்று யாரும் சொல்லமாட்டார்கள். இருபத்துமூன்றாவது பெட்டியில் நீலக்கட்டம் இருந்தது.

நாலில் அது இடது முன்பக்கம், பாக்கெட் இருக்கிற பக்கம். பாக்கெட்டை நான் பிரிக்காமல் பையின் வெளியே தெரிகிற மாதிரி விட்டுத் தைத்திருந்தேன். பெட்டியை அடுக்கியவள் யாரோ அதற்குள் ஒரு பென்சிலும் ரப்பரும் செருகி வைத்திருந்தாள். லிஸ்ட் அக்கா, எடுத்துக்குங்க, பதிலுக்கு ஒரு குல்லாய் வைச்சிடறேன் என்றாள். நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேரும் நான் அழப்போகிறேன் என்று நினைத்துத் தள்ளி நின்றுகொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை, அசிங்கமாக இருந்தது. அலுத்துப்போன இரண்டு பேரை ஒரு பொய்யைச் சொல்லி ஒன்றரை மணி நேரம் நிற்க வைத்திருக்கிறேனே என்று இருந்தது.

ஏனென்றால் தவறுதலாக வெட்டவில்லை பாப்பா. மேலே கலந்துபோய்விட்டது என்று எழுதியிருக்கிறேன் பார், அதை அடித்துவிட்டு வேறு தாளில் எழுதலாம் என்று பார்த்தேன், கை வலிக்கிறது, இருக்கட்டும், நான் எப்படிப் பொய் சொன்னேன் என்று நீயும் தெரிந்துகொள். அந்தச் சட்டை எனக்கு எப்படித் தெரியாமல் போகும். அப்பா கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கிற டெஸ்டரைச் சட்டைப்பையில் குத்தி வைப்பார், எந்தச் சட்டையை எடுத்தாலும் பாக்கெட் மூலையில் ஓட்டை விழும், உள்ளே ஒட்டுப்போட்டு அடைப்பது என் வேலை. நீலக்கட்டத்துக்கு நான் ஒட்டுப்போட்டது உன் பள்ளிக்கூடச் சீருடையில் மிஞ்சிய துணி. கண்ணை மூடிக்கொண்டு தடவினாலும் தெரியும். மற்ற ஒன்பது சட்டையும் வெட்டித் தைத்து முடிந்து, இன்னும் நாலு பை குறைகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, எழுந்துபோய்ப் பீரோவைத் திறந்து, அது ஒன்றுதான் தொங்கிக்கொண்டிருந்தது, அதை எடுத்துவந்து மேஜையில் விரித்து, கத்தரிக்கோலை வைத்தேன். பழைய ஜன்னல் திரை அலமாரியில் மடித்தே இருந்தது, நாலென்ன, எட்டுப் பையே அதில் தைத்திருக்கலாம். அதுவும் எனக்கு ஞாபகம் இருந்தது.

எனக்கு உன் மேல் அவ்வளவு கோபம். அப்பா போனபோது வந்தாய், நாலு நாள் இருந்தாய், ஆறே மாதத்தில் லீவு போட்டு வருகிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுப் போனாய். ஆறு மாதம் ஆனபோது ஆள் பற்றாக்குறை என்றாய், அப்புறம் உனக்குப் பரீட்சை என்றாய், அப்புறம் நானும் கேட்பதை விட்டுவிட்டேன். லீவே கிடைக்காத அந்த இடத்திலிருந்து உன்னோடு வேலை பார்க்கிறவள் வருகிறாள். அவள் வீட்டுக்கு அவள் வருவாள், நம் வீட்டிலிருந்து சட்டை மட்டும் உன்னிடம் வரவேண்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை சட்டையைப் பற்றி அத்தனை பேச்சுப் பேசினாய், எங்கே இருக்கிறது, பூச்சி அரிக்காமல் இருக்கிறதா, துவைக்காமல் அப்படியே அனுப்பு என்று. வெட்டுகிற உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒன்பது சட்டையையும் தனியாக உட்கார்ந்து பிரித்தவள் நான். அந்த ஆத்திரத்தில் வெட்டினேன். வெட்டி முடித்ததும் ஆத்திரம் போய்விட்டது, சட்டையும் போய்விட்டது.

அந்தப் பையைக் கொண்டுவந்து உனக்கு அனுப்பியிருக்கலாம், இதாவது மிஞ்சியது என்று ஒரு வரி எழுதினால் நீயும் அழுதுவிட்டு என்னை மன்னித்திருப்பாய். அந்தப் பொய்யைச் சேர்த்து அனுப்ப எனக்குத் தெம்பு இல்லை. தவிர, அந்தப் பென்சில் யாரோ ஒரு பிள்ளைக்கென்று வைத்தது, அது நமக்குச் சொந்தமில்லை. திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். லிஸ்ட் அக்காவிடமும் உண்மையைச் சொன்னேன். அவள் வீங்கிய என் மணிக்கட்டைப் பார்த்துவிட்டு, மூட்டு வலிக்கு என்ன தேய்க்கறீங்க என்று கேட்டாள். பெரியவர் டேப்பை ஒட்டிவிட்டார். மறுநாள் காலையில் லாரி வந்து எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

நான் செய்தது தப்பு. உன் அப்பாவிடமிருந்து நீ கேட்டது அது ஒன்றுதான், அதை வேண்டுமென்றே இல்லாமல் செய்தேன். இதற்குச் சமாதானம் எதுவும் என்னிடம் இல்லை. இனிமேல் யாரிடமாவது கொடுத்தனுப்பு என்று நீ கேட்பதற்கு இந்த வீட்டில் ஒன்றும் பாக்கி இல்லை, நான் ஒருத்திதான் இருக்கிறேன், என்னை யாரிடமும் கொடுத்தனுப்ப முடியாது. உனக்குக் கோபம் வரும், வரட்டும், வரத்தான் வேண்டும். போனில் கத்திவிட்டு வைத்துவிடாதே, மூன்று மாடி ஏறிவந்து என் முகத்துக்கு நேராகக் கத்து, நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டேன்.

நீ நோய் நொடி இல்லாமல், போகிற இடமெல்லாம் நாலு நல்ல மனிதர்கள் கிடைத்து, நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும், உன் அப்பாவின் ஆசியும் என் ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு, கோபத்திலும் உண்டு. ரத்தத்துக்குக் கொடுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தாதே. லீவு கேட்டுப் பார்க்கிறேன் என்று வாயால் சொல்லிக்கொண்டிருக்காதே, எழுதிக் கொடு.

இப்படிக்கு,
உன் அம்மா