காத்தோங் ஜன்னல் மூடிய அதிசயம்

சனிக்கிழமை. தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம்.

இன்று நடந்ததை எழுதுகிறேன். நாளைக் காலையில் படித்தால் நானே நம்பமாட்டேன், இது சத்தியம்.

சிங்கப்பூர் காத்தோங்கில் எங்கள் வீட்டு முன்பக்க மர ஜன்னலை நான்கு வருடமாக மூட முடிவதில்லை. மழை பெய்தால் கூடத்தில் கப்பல் விடலாம். "மரம் உளுத்துப் போச்சுங்க, அலுமினியம் போட்டுடலாம்லா. சாயந்திரம் அளவெடுக்க ஆள் வரான்" என்றாள் என் மனைவி சரோஜா.

என் ஜன்னலுக்கா? சுரண்டியோடு போருக்குக் கிளம்பினேன். தீபாவளிதோறும் பழைய பெயின்ட்டைச் சுரண்டாமல் மேலேயே அடித்த மகாராஜா நான்தான். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கும் அடியில் மஞ்சள். செதில்கள் புக்கிட் தீமா மலையளவு குவிந்தன. உச்சியில் இரண்டு குரங்குகள் குடியேறின.

"பெயின்ட் பூராவும் போனா ஜன்னலே மிஞ்சாது, பாருங்க!" என்று சிரித்தாள்.

வெறும் மரம் தெரிந்ததும் ஸ்குரூடிரைவரால் குத்திப் பார்த்தேன். இறங்கவே இல்லை. மரத்தில் பழுதில்லை, என் பெயின்ட்தான் தடித்துப்போய்ச் சட்டத்தில் முட்டியிருக்கிறது! உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். சிவந்த ரேகைகள் எழுந்து வந்தன. நேற்று அறுத்ததுபோல் வாசம்.

ஒரு விரலால் தள்ளினேன். மூடிக்கொண்டது. அந்தச் சத்தத்தில் கடல் தாண்டி ஜொகூரில் போக்குவரத்து நின்றுவிட்டது.

சரோஜா வந்து மரத்தில் உள்ளங்கையை வைத்தாள். பிறகு போனில், "அளவெடுக்க வரவேணாம் தம்பி" என்றாள்.

நாளை ஜன்னலைக் கழுவவேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகுதான் பிரஷைத் தொடுவேன்.

குரங்கு பொய். ஜொகூரும் பொய். அவள் வெகுநேரம் கையை எடுக்காமல் நின்றாளே, அது மட்டும் நிஜம்.