கபில நிறச் சப்பாத்து ஒரு சோடி

அனுப்புநர்:
திருமதி மு. நாகலெட்சுமி,
பிள்ளைமடுவப் பராமரிப்பாளர்,
7ஆம் இலக்க லயம், கீழ்ப்பிரிவு,
ஆர்டன்வில் தோட்டம்,
லிந்துலை.

பெறுநர்:
உயர்திரு அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
நுவரெலியா.

விடயம்: 29.07.2000 அன்று சோதனைச் சாவடியில் என் கணவரின் காலிலிருந்து கழற்றி எடுக்கப்பட்ட குதி உயர்ந்த சப்பாத்துச் சோடியைத் திரும்பப் பெறுதல்.

மதிப்புக்குரிய ஐயா,

1. நான் மேற்படி தோட்டத்தில், தாய்மார் கொழுந்தெடுக்கச் செல்லும் நேரத்தில் அவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். என் கணவர் இராமையா முத்துலிங்கம், வயது 37, எங்கள் தோட்டப் பாடசாலையில் ஒன்பது வருடமாக ஆசிரியர். தமிழும் சமூகக்கல்வியும் படிப்பிக்கிறார். அவர் மீது இதற்கு முன் எந்த முறைப்பாடும் இல்லை. இந்த மனுவை அவர் எழுதியிருக்க வேண்டும். அவர் எழுதும் நிலையில் இல்லாததால் நான் எழுதுகிறேன். பிழைகளைப் பொறுத்துக்கொள்ளவும்.

2. பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்குப் பதிவுத் தபாலில் இரண்டு கடிதங்கள் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதனால் தங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று. அந்த நிலையத்தின் பெயரையும் உத்தியோகத்தர்களின் பெயர்களையும் தனித்தாளில் எழுதி, ஒட்டிய உறைக்குள் வைத்திருக்கிறேன். இந்தத் தாள் பல கைகள் மாறி வரும் என்பதால் இதில் எழுதப் பயமாக இருக்கிறது.

3. சப்பாத்தின் விபரம்: நிறம் கபிலம். மேற்புறம் தோல், பக்கவாட்டில் ஒரு வார், சிறிய பித்தளைக் கொளுவி. குதியின் உயரம் ஒன்றரை அங்குலம். 1997இல் அவரைப் பாடசாலையிலிருந்து பயிற்சிக் கலாசாலைக்கு அனுப்பியிருந்தபோது விடுமுறை நாளொன்றில் கண்டியில் வாங்கியது. நானும் கூட இருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்து, “மிஸ்ஸுக்கு இது பெரிசா இருக்குமே” என்றார். என் கணவர், “எனக்குத்தாங்க” என்றார். போட்டுக்கொண்டு கண்ணாடி வரை நாலு எட்டு நடந்து திரும்பி வந்தார். “இதுல நின்னா எனக்குச் சரியா இருக்கு, லெச்சுமி” என்று என்னிடம் சொன்னார். வேறு காரணம் எதுவும் அவர் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அவருக்குக் காலில் குறை இல்லை. ஆள் குள்ளமும் இல்லை. கேட்பவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள் என்பதால் எழுதுகிறேன்.

அன்றைக்கு நான் கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. இதையும் மறைக்க விரும்பவில்லை.

4. முதல் சில மாதம் வீட்டுக்குள் மட்டும் போட்டார். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நகரத்துக்குப் போட்டு வந்தார். எங்கள் தோட்டப் பாதை கல்லும் சேறும் என்பதால் தார் ரோட்டு வரை இறப்பர் செருப்பில் வருவார். மதகில் உட்கார்ந்து காலைத் துடைத்து, சப்பாத்தை மாற்றிக்கொண்டு, செருப்பைக் கடதாசியில் சுற்றி என் பையில் வைப்பார். பஸ்ஸில் ஆட்கள் பார்ப்பார்கள். ஒரு தரம் கொண்டக்டர் பையன், “சேர், வீட்டுல மாத்திப் போட்டுட்டு வந்துட்டீங்களா?” என்று சத்தமாகக் கேட்டான். “இல்லப்பா, என்னோடதுதான். மிதிபலகையில இடம் விடு, ஏறிக்கிறேன்” என்றார். பஸ் முழுவதும் சிரித்தது. அவரும் கொஞ்சம் சிரித்தார். அதற்குப் பிறகு அந்த பஸ்ஸில் யாரும் கேட்கவில்லை. நானும் அவர் பக்கத்திலேயே நடக்கத் தொடங்கினேன்.

5. 1998இல் பாடசாலைக்கும் போட்டுக்கொண்டு போனார். பெற்றோர் சிலர் பாடசாலை அதிபரிடம் முறைப்பாடு சொன்னார்கள். அதிபர் திரு நடராசா யாழ்ப்பாணத்தவர், கண்டிப்பானவர். அவர் ஆசிரியர்களின் உடை பற்றிய சுற்றறிக்கையை எடுத்து எல்லோருக்கும் முன்னால் வாசித்தார். சப்பாத்தோ செருப்போ சுத்தமாக இருக்க வேண்டும் என்று மட்டும் அதில் இருந்தது. குதியின் உயரம் பற்றி ஒன்றும் இல்லை. “ஆளின்ரை படிப்பிப்பிலை பிழை இருந்தால் சொல்லுங்கோ. காலைப் பாக்கிறது என்ரை வேலையில்லை” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த வருடம் ஐந்தாம் வகுப்பில் மூன்று பிள்ளைகள் புலமைப்பரிசில் பரீட்சையில் சித்தியடைந்தார்கள். முறைப்பாடு சொன்னவர்களில் ஒருவரின் மகளும் அதில் ஒருத்தி.

6. இனி 29.07.2000, சனிக்கிழமை. காலை பத்து மணியளவில் நாங்கள் வந்த பஸ்ஸைச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். யுத்தம் நடக்கும் நாட்டின் நிலைமை தங்களுக்குத் தெரியும். ஆண்களை இறக்கி அடையாள அட்டையைக் கையில் பிடித்தபடி வரிசையாக நிற்க வைத்தார்கள். பெண்கள் பஸ்ஸுக்குள் இருந்தோம். நான் ஜன்னலோரத்தில் இருந்ததால் எல்லாவற்றையும் பார்த்தேன்.

அட்டையைப் பார்த்த சிப்பாய் பிறகு காலைப் பார்த்தார். யாருடைய சப்பாத்து என்று சிங்களத்தில் கேட்டார். என் கணவர், “மகே” என்றார். என்னுடையது என்று அர்த்தம். அவருக்குச் சிங்களம் நன்றாக வரும். சிப்பாய் மற்றவர்களைக் கூப்பிட்டார். நான்கு பேர் வந்தார்கள். நடந்து காட்டச் சொன்னார்கள். தடைக்கட்டையிலிருந்து அங்கிருந்த மதகு வரை போய்த் திரும்பி வர வேண்டும். போய் வந்தார். மறுபடியும் போகச் சொன்னார்கள். மூன்று தடவை நடந்தார். அவர் வழக்கமாக எப்படி நடப்பாரோ அப்படியே நடந்தார். வேகமாகவும் இல்லை, தலை குனியவும் இல்லை.

வரிசையில் நின்றவர்களும் சிரித்தார்கள். அவர்களில் நான்கு பேர் எங்கள் தோட்டத்தார். பயத்தில் சிரித்திருக்கலாம்.

7. அதற்குப் பிறகு வந்த பொலிஸ் உத்தியோகத்தர் சிரிக்கவில்லை. ஆண் ஒருவர் பெண் சப்பாத்துப் போட்டால் வேஷம் மாற்றி வந்திருக்க வேண்டும், அல்லது குதிக்குள் எதையாவது கடத்த வேண்டும் என்று அவர் சொன்னதாகப் பிறகு அறிந்தேன். சப்பாத்தைக் கழற்றச் சொன்னார். வலது கால் சப்பாத்தின் குதியைக் கத்தியால் பிளந்தார்கள். உள்ளே மரக்கட்டையும் ஓர் ஆணியும் இருந்தன. இடது சப்பாத்தின் குதியையும் பிளந்தார்கள். அதிலும் அவ்வளவுதான். ஒன்றும் இல்லாததைப் பார்த்ததும் விட்டுவிடுவார்கள் என்று நினைத்துச் செருப்பைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன். விசாரணைக்கு என்று சொல்லி அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். பஸ்ஸைப் போகச் சொன்னார்கள். செருப்பு என் மடியில் இருந்தது.

8. பதினெட்டு நாட்கள் வைத்திருந்தார்கள். ஒவ்வொரு நாளும் போனேன். நான்காம் நாள்தான் பார்க்க விட்டார்கள். ஐந்து நிமிடம். “பிள்ளைங்களுக்கு பரீட்சைத் தாள் திருத்தி மேசை லாச்சியில வச்சிருக்கேன், பெரிய சேர்ட்ட சொல்லிரு” என்றார். அவரை என்ன செய்தார்கள் என்று இன்று வரை அவர் சொல்லவில்லை. முதுகில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். இந்த மனு அதைப் பற்றியதல்ல.

9. அதிபர் திரு நடராசாவிடம் போய், நிலையத்துக்கு வந்து ஒரு சொல் சொல்லும்படி கேட்டேன். அவர் கதிரையிலிருந்து எழும்பி ஜன்னல் பக்கம் போய் நின்றார். “பிள்ளை, நான் வந்தால் அது முத்துலிங்கத்துக்குத்தான் கூடாது. என்ரை அட்டையிலை பிறந்த இடம் யாழ்ப்பாணம் எண்டு கிடக்கு. பேந்து ரெண்டு பேரையும் சேர்த்துப் பாப்பினம்” என்றார். அவர் சொன்னது சரியாக இருக்கலாம். நற்சான்றுக் கடிதம் ஒன்று எழுதித் தந்தார். அந்தக் கடிதத்தை நிலையத்தில் வாங்கி வைத்துக்கொண்டார்கள்.

10. எட்டாம் நாள் ஒரு வயதான கொஸ்தாபல் எனக்குப் பற்றுச்சீட்டு ஒன்று எழுதித் தந்தார். கைக்கடிகாரம் 01, இடுப்புப் பட்டி 01, சப்பாத்துச் சோடி 01. நான் கேட்காமல் அவராகவே எழுதித் தந்தார். அதன் பிரதி இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது.

11. ஆகஸ்ட் 16ஆம் திகதி, வழக்கு ஒன்றும் போடாமல் விடுவித்தார்கள். கடிகாரத்தையும் பட்டியையும் தந்தார்கள். சப்பாத்து சான்றுப் பொருள் என்றார்கள். எந்த வழக்குக்குச் சான்று என்று கேட்டேன். மேசையில் இருந்தவர், “அது உனக்கு என்னத்துக்கு? ஆம்பிளைச் சப்பாத்து வாங்கிக் குடு” என்று தமிழில் சொன்னார். நான் கொண்டுபோன இறப்பர் செருப்பை என் கணவர் போடவில்லை. கையில் பிடித்துக்கொண்டார். பஸ்ஸிலும், தார் ரோட்டிலிருந்து லயம் வரையான இரண்டு மைல் ஏற்றத்திலும் வெறுங்காலோடு வந்தார். மழை பெய்தது. நான் முன்னால் நடந்தேன், அவர் பின்னால் வந்தார். லயத்து வரிசை வீடுகளில் ஆட்கள் கதவைத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டார்கள்.

12. அன்றிலிருந்து அவர் வெளியே போவதில்லை. விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கி விட்டது. மருத்துவ லீவு போட்டிருக்கிறோம். சோறு போட்டால் சாப்பிடுகிறார். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிறார். எங்கள் மகள் சர்மிளாவுக்கு ஒன்பது வயது. அவள் வீட்டுப்பாடத்தைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துவிட்டுக் காத்திருந்து, பிறகு தானே எடுத்துக்கொள்கிறாள். நான் வேலைக்குப் போகிறேன். குழந்தை அழுதால் தூக்குகிறேன். எனக்கு அழுகை வருவதில்லை. இதை முறைப்பாடாகச் சொல்லவில்லை. நிலைமையைத் தெரிவிக்கிறேன்.

13. செப்டெம்பர் முதல் வாரம் நானாகவே ஹட்டனுக்குப் போனேன். முதலில் ஆண்கள் போடும் சாதாரணச் சப்பாத்து ஒன்றைப் பார்த்தேன். அதை வாங்க மனம் வரவில்லை. பெண்கள் பகுதியில், கிட்டத்தட்ட அதே உயரத்தில், கறுப்பில் ஒரு சோடி இருந்தது. வாங்கி வந்து அவர் முன்னால் வைத்தேன். கையில் எடுத்துத் தைத்திருந்த இடத்தைப் பார்த்தார். பெட்டிக்குள் திரும்ப வைத்தார். “கொண்டு போய்க் குடுத்துரு. மறுபடியும் கழட்டுவாங்க” என்றார்.

“சும்மா இருங்க, தினமுமா கழட்டுவாங்க?” என்று நான் சொன்னேன்.

அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “இதப் போட்டா குத்தம்னு எங்கயாச்சும் எழுதியிருக்கா, இல்லியா? ரெண்டுல ஒண்ணு எனக்குத் தெரியணும், லெச்சுமி. தெரியாம ரோட்டுல எப்படி நடக்கிறது?”

வீடு வந்த பிறகு அவர் இவ்வளவு நீளமாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

14. எனவே ஐயா, தயவுடன் கேட்டுக்கொள்வது:

(அ) மேற்படி சப்பாத்துச் சோடியை, குதி பிளந்த நிலையிலேயே, எங்களிடம் திருப்பித் தர ஆவன செய்ய வேண்டும். திருத்தித் தர முடியும் என்று நகரத்தில் சப்பாத்துத் தைப்பவர் சொல்லியிருக்கிறார். நானே வந்து பெற்றுக்கொள்வேன். என் கணவரை அந்த நிலையத்துக்கு அழைக்க வேண்டாம்.

(ஆ) அவர் மீதான விசாரணை முடிந்துவிட்டது என்று எழுத்தில் தர வேண்டும். விடுமுறைக்கு முன் அவர் பாடசாலைக்கு வராத நாட்களுக்குக் காரணம் கேட்டுக் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதற்குக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை.

(இ) ஆண் ஒருவர் குதி உயர்ந்த சப்பாத்துப் போட்டு வெளியே நடமாடுவதைத் தடுக்கும் சட்டம் ஏதும் இருந்தால், அதன் இலக்கத்தையும் வருடத்தையும் அறியத் தர வேண்டும். நாங்கள் அதற்கு அடங்கி நடப்போம். அப்படி ஒன்று இல்லையென்றால், இல்லை என்று ஒரு சிறிய கடிதம், சிங்களத்திலும் தமிழிலும், தங்கள் முத்திரையுடன் தர வேண்டும். அடையாள அட்டையோடு மடித்து வைக்கும் அளவில் இருந்தால் போதும்.

15. இந்த மனுவை அனுப்புவதற்கு முன் அவர் முன்னால் வைத்தேன். வாசிப்பார் என்று நினைக்கவில்லை. வாசித்தார். முதலில் விடயம் என்ற இடத்தில் ‘பெண்கள் சப்பாத்து’ என்று எழுதியிருந்தேன். அவர் என் கையிலிருந்து பேனாவை வாங்கி, ‘பெண்கள்’ என்ற சொல்லை நேராக ஒரு கோடு போட்டு வெட்டி, மேலே ‘குதி உயர்ந்த’ என்று எழுதினார். பேனாவைத் திருப்பித் தந்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் திருத்தியபடியே மறுபடி எழுதி அனுப்புகிறேன்.

இங்ஙனம்,
தபாலைப் பார்த்திருக்கும்,

மு. நாகலெட்சுமி
(ஒப்பம்)

இடம்: லிந்துலை
திகதி: 29.09.2000

இணைப்பு: பற்றுச்சீட்டின் பிரதி 01, ஒட்டிய உறை 01.